சத்தம் இல்லாத மெஷின்

ஜனவரி 9

தங்கைக்கு,

இங்கே நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் இடுப்பு வலி எந்த மட்டில் இருக்கிறது, உன் வீட்டுக்காரரின் இருமல் நின்றதா, எழுது.

போனில் பேசினால் நாம் இருவரும் கத்திக்கொள்கிறோம். கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதற்கே தனியாக ஒரு சண்டை. அதனால் இது எழுத்தில். நீயும் எழுத்திலேயே பதில் சொல்.

விஷயம் நம் பட்டறையில் மரம் இழைக்கிற மெஷின். இழைத்த பலகையில் அலை அலையாக வரி விழுகிறது. மறுபடி கையால் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஜூன் மாதத்துக்குள் புது மருத்துவமனைக் கட்டடத்துக்கு நாற்பது கதவு நிலை கொடுத்தாக வேண்டும். மெஷின் ஓடினால் பட்டறை ஓடும். நின்றால் பட்டறையும் நின்றது.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மெஷின் கடைக்காரர் புதிதாக வாங்கச் சொல்கிறார். படம் போட்ட புத்தகத்தை மேசையில் விரித்துவைத்து, "சத்தமே வராது மேடம், பக்கத்துல நின்னு பேசலாம்" என்றார். என்னுடையதும்தான் சத்தம் போடுவதில்லை என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாம் ஸ்பானர் என்று கூப்பிடுகிற மெக்கானிக், மெஷினின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, பிளேடு பூட்டும் உருளையை மட்டும் புது வகையாக மாற்றச் சொல்கிறார். நீளமான பிளேடுகளுக்குப் பதில் சதுரம் சதுரமாகக் குட்டி பிளேடுகள் வரிசையாகப் பதித்தது. மூன்றாவது ஆள் நான். எதையும் மாற்ற வேண்டாம், பிளேடைத் தீட்டினால் போதும் என்கிறேன்.

பாதி உன்னுடையது. சேர்ந்து வாங்கினோம், பத்து வருடம் சேர்ந்து ஓட்டினோம். நீ எழுதாமல் ஒரு போல்ட்டைக்கூட மாற்ற மாட்டேன். மருந்துக் கிடங்கில் பெட்டி எண்ணுகிற நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி எழுது.

அக்கா


ஜனவரி 22

அக்காவுக்கு,

இடுப்பு அப்படியேதான். இருமல் நின்றுவிட்டது, இப்போது குறட்டை. நீ மாத்திரையை நேரத்துக்குப் போடு.

ஐந்து நிமிடத்தில் எழுதுகிற விஷயமா இது?

அலை அலையாக வரி விழுந்தால் உருளை ஆடுகிறது என்று அர்த்தம். உருளை ஆடினால் அதைத் தாங்குகிற பேரிங் தேய்ந்திருக்கிறது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். போன வருடம் நான் வந்திருந்தபோதே மெஷின் விசில் அடித்தது. மெல்லிய, பல் கூசுகிற விசில். சொன்னேன். நீ பதில் சொல்லாமல் அடுத்த பலகையை எடுத்தாய்.

நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று. பேரிங் உடைந்து உருளை இறுகினால் பிளேடு எங்கே தெறிக்கும் என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. எதிரே நிற்பது நீ.

புதிதா பழையதா என்பது பிறகு. அந்த விசில் இப்போது எப்படி? கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அதை மட்டும் எழுது.

தங்கை


பிப்ரவரி 3

தங்கைக்கு,

குறட்டைக்கு அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல். இங்கே நலம்.

விசில் இல்லை. எப்போதோ இருந்தது, கிரீஸ் வைத்தேன், போய்விட்டது. உன் கடிதம் வந்த அன்றே கட்டை வைத்தும் பார்த்தேன். உனக்கு மறந்திருக்காது. மெஷின் ஓடும்போது கட்டையின் ஒரு முனை பேரிங் மூடியில், மறுமுனை காதோடு. உள்ளே ஒரே ஒரு குண்டு பழுதானாலும் காதுக்குள் மணலைக் கொட்டுகிற மாதிரி கேட்கும். கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன். அடியில் ஒரு முனகல், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லாரும் கூடிப் பேசிவைத்துக்கொண்ட மாதிரி மெஷின் கத்துகிறது என்கிறார்கள். மாடியிலிருந்து டியூஷன் மாஸ்டர் இறங்கி வந்து, வாரத்துக்கு இரண்டு முறை, "அந்தக் கிரீச்சை நிறுத்துங்கம்மா" என்கிறார். அவருக்கு நம் இடத்தின் மேல் கண், இன்னொரு வகுப்பு நடத்த. பாலிஷ்காரர் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார். கேட்டால் சளி. நான்கு மாதமாக ஒரே சளி. ஸ்பானர் வாசலில் நின்றபடியே, "பேரிங் அலறுதுக்கா" என்று முகத்தைச் சுளிக்கிறார். அவருக்கு வேலை வேண்டும். கடைக்காரருக்கு விற்க வேண்டும். இவர்களைப் புரிந்துகொள்கிறேன். நீ ஏன் இல்லாத விசிலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய்?

பிளேடு மழுங்கினால் மெஷின் குரல் கனக்கும். மரத்துக்குள் ஆணி இருந்தால் தொடுவதற்கு முன்பே ஒரு இருமல் இருமும். பழையதை வைத்துக்கொள்ள எனக்கு வேறு காரணம் வேண்டாம். அது பேசுவது எனக்குத் தெரியும். புதிதுக்கு முன்னால் நான் திருதிருவென்று நிற்க வேண்டும்.

பதில் எழுது. எதையாவது ஒன்றை எழுது.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பேரிங் பற்றி எழுத இவ்வளவு காகிதம் தேவையில்லைதான்.

ஒன்று செய். கட்டையை வைத்துக் கேட்காதே. காதை விட்டுவிடு. மெஷினை அரை மணி நேரம் ஓட்டி, அணைத்து, உருளை முழுக்க நின்ற பிறகு பேரிங் மூடியின் மேல் புறங்கையை வை. பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடிந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது. நான் வாயை மூடிக்கொள்கிறேன். முடியாவிட்டால் அது போய்விட்டது.

கிடங்கில் குளிர்பெட்டியின் மோட்டாரை இப்படித்தான் பார்க்கிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடக்கிறாயா? டாக்டரிடம் கடைசியாக எப்போது போனாய்? சர்க்கரைக்கு மட்டும் இல்லை, பொதுவாகக் கேட்கிறேன்.

தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

நலமாகத்தான் இருந்தேன், புறங்கையை வைக்கும் வரை.

நான்கு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். இரண்டு விரல் அகலத்துக்குக் கொப்புளம். பாலிஷ்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கூடவே ஒரு பார்வையும்.

சரி, சூடாக இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சத்தமில்லாமல் ஒரு பேரிங் எப்படிச் சூடாகும்? இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கெட்டுப்போகிற பேரிங் முதலில் கத்தும், பிறகு காயும். இது ஊமை மாதிரி காய்கிறது. பெல்ட்டை இறுக்கிவிட்டேனோ என்று தளர்த்திப் பார்த்தேன். இல்லை. கிரீஸ் அதிகமோ என்று துடைத்துப் பார்த்தேன். இல்லை. மறுபடி கட்டை வைத்துக் கேட்டேன். நீ வேண்டாம் என்றாய், நான் கேட்டேன். ஒன்றும் இல்லை.

அது என்ன, காதை விட்டுவிடு? இந்தக் காதை வைத்துத்தான் உனக்கும் சேர்த்துச் சம்பாதித்தேன்.

பத்து நிலை முடிந்திருக்கிறது. இன்னும் முப்பது. பழையதை ஓட்டவா, உருளை மாற்றவா, புதிது வாங்கவா? ஒரு வரி எழுதக் கேட்டேன். நீ எனக்குக் கையைச் சுட்டுக்கொள்ள வழி எழுதுகிறாய்.

டாக்டரிடம் பொதுவாக எதற்குப் போவார்கள்?

அக்கா


மார்ச் 16

அக்கா,

இன்றே மெஷினை நிறுத்து. பாதி சொந்தக்காரியாக எழுத்தில் சொல்கிறேன். பேரிங் இரண்டையும் மாற்றும் வரை ஸ்விட்சைத் தொடாதே. வேறு எந்த முடிவும் அதற்குப் பிறகு.

கொப்புளத்தை உடைக்காதே.

தங்கை


ஏப்ரல் 24

தங்கைக்கு,

கை ஆறிவிட்டது. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

பேரிங் மாற்றியாயிற்று. அளவு கிடைக்காமல் ஸ்பானர் மூன்று வாரம் அலைந்தார். கழற்றும்போது இடது பக்கத்துப் பேரிங் கையோடு உதிர்ந்து வந்தது. குண்டுகளைப் பிடித்திருக்கும் தகடு நொறுங்கிக் கிடந்தது. அதை உள்ளங்கையில் கொட்டிக் காட்டி, "இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி வந்திருப்பேன்க்கா, மாலையோட" என்றார். 

புதியதைப் பூட்டி ஓட்டினோம். இனி எழுதுவதை நீ மட்டும் படி.

மெஷின் வேகம் பிடித்ததும் ஸ்பானர் சிரித்தார். பாலிஷ்காரர் தலையை ஆட்டினார். சற்று நேரத்தில் டியூஷன் மாஸ்டர் இறங்கி வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். கையைக் கூப்பினார். "இப்பத்தாம்மா உயிர் வந்துச்சு" என்றார். மூவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், நன்றாக இருக்கிறது என்றேன்.

எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

முன்பு எப்படி இருந்ததோ அப்படியே. அடியில் ஒரு முனகல். உதிர்ந்துபோன பேரிங்கும் புது பேரிங்கும் எனக்கு ஒன்றாகவே கேட்டன.

மற்றவர்கள் போன பிறகு பாலிஷ்காரரிடம் பஞ்சு எங்கே என்றேன்.

"இனிமே எதுக்குக்கா?"

"சளி?"

"சளியெல்லாம் ஒண்ணுமில்ல. உங்ககிட்ட அந்த மெஷினைப் பத்தி யாரு வாயைத் திறக்கறது?" என்றவர், கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்து, "நீங்க எப்படித்தான் தாங்குனீங்களோ" என்றார்.

அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாளாக உதட்டைப் பார்க்கிறேன் என்று அப்போது யோசித்தேன்.

மெஷின் பற்றி எழுத இப்போது என்னிடம் எதுவும் இல்லை.

அக்கா


மே 5

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். நலம் விசாரிக்க இது நேரம் இல்லை.

எனக்குத் தெரியும். போன வருடம் வந்தபோதே தெரியும். பட்டறைக்குள் நுழைந்து உன்னைக் கூப்பிட்டேன். மெஷின் அணைந்திருந்தது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாய். மூன்று முறை கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. கோட்டின் மேல் என் நிழல் விழுந்ததும் திரும்பி, எப்போது வந்தாய் என்றாய். இப்போதுதான் என்றேன்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் நீ இல்லை.

என் இடது காதில் கருவி இருக்கிறது. இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. முடியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டிருப்பதால் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவ்வளவுதான். பத்து வருடம் நீ பலகையைத் தள்ளினாய், நான் மறுபக்கம் நின்று இழுத்தேன். இடது காது உருளையின் பக்கம்.

முதல் நாளே டாக்டர் கேட்டார். "உங்ககூட அந்த மெஷின்ல வேலை செஞ்சவங்க யாராவது இருக்காங்களா? கூட்டிட்டு வாங்க. போனது வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னிடம் சொன்னால் என் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதில் செவிடு என்ற சொல்லை உன் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் இவ்வளவு சிறியது. இதைவிடப் பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்து எழுதலாம் என்றுதான் இத்தனை மாதம் கிழித்துக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

தங்கை


ஜூன் 4

உன் கடிதம் வந்தது.

கதவு நிலை நாற்பதும் போய்ச் சேர்ந்தன. திருப்பி அனுப்பவில்லை.


ஜூன் 13

அக்காவுக்கு,

நீ இதுவரை எனக்கு எழுதிய கடிதங்களில் நலம் பற்றி ஒரு வரிகூட இல்லாத முதல் கடிதம் இது. அக்கா என்றுகூடக் கீழே போடவில்லை.

திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது. போனில் திட்டினால் இரண்டு பேருக்கும் கேட்காது.

இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

டாக்டரின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் இந்த ஊர். அங்கேயே ஒருவரிடம் போனாலும் சரி. போ.

தங்கை


ஜூலை 8

தங்கைக்கு,

திட்டுகிறேன்.

இரண்டு வருடம் நான்கு மாதம். அத்தனை நாளும் காதில் ஒரு துளிப் பஞ்சுகூட இல்லாமல் அந்த மெஷின் முன்னால் நின்றேன். பாலிஷ்காரருக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். உனக்கு இருந்த அறிவை நீ முடிக்குள் ஒளித்து வைத்திருந்தாய். உன் வீட்டுக்காரரின் குறட்டை வரைக்கும் எனக்கு எழுத உனக்குத் தெரிகிறது. இந்த வருடம் நான் கட்டையைக் காதில் வைத்துக் கேட்டு, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று உனக்கு எழுதுகிறேன். நீ படித்துவிட்டுப் பேரிங் பற்றிப் பாடம் எடுக்கிறாய். செவிடு என்று சொல்லியிருக்க மாட்டேன். சரி, சொல்லியிருப்பேன். ஒரு நாள் சொல்லிவிட்டு மறுநாள் உன்னோடு டாக்டரிடம் வந்திருப்பேன்.

இதை உன்னால் எப்படிச் சரிசெய்ய முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. அதனால் அதோடு விடுகிறேன். விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

மெஷின் விஷயம். பழையதை வைத்துக்கொள்ள எனக்கு இருந்த காரணம் அது பேசுவது தெரியும் என்பது. யோசித்துப் பார்த்தால் பல வருடமாக அது பேசியதை நான் கேட்கவே இல்லை. அது பேசுவதாக நானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இனி அதுவும் எனக்குப் புது மெஷின்தான். அப்படியென்றால் உண்மையாகவே புதிதாக இருப்பதை வாங்குவோம். கடைக்காரர் காட்டியதில் பேரிங் சூடானால் சிவப்பு விளக்கு எரிகிறது. மெஷினும் தானாக நிற்கிறது. எனக்குக் கண் நன்றாக இருக்கிறது. ஸ்பானர் சொன்ன அதே குட்டி பிளேடு உருளைதான் அதிலும். சத்தம் பாதிக்கும் குறைவாம். மிச்சம் இருக்கும் காதுக்கு அது போதும் என்று டாக்டரும் சொன்னார்.

ஆம், போனேன். பாலிஷ்காரர்தான் கூட்டிப் போனார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கே அவருக்குச் சம்பளம் கூட்ட வேண்டும்.

என் பாதிக்கு எழுத்தில் சம்மதம் இது. உன் பாதிக்கு நீ எழுது. மெஷின் வந்து இறங்குகிற அன்று நீ இங்கே இருக்க வேண்டும். முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வா. இடுப்பு எப்படி இருக்கிறது?

பரிசோதனை எப்படி என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. தலையில் மாட்டுகிற கருவி. கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இவ்வளவு நேரம் அழுத்தாமல் இருந்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று ஒரு முறை அழுத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சரிதான் போலிருக்கிறது என்று, கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை. பிறகு விட்டு விட்டு ஐந்தாறு முறை, உண்மையில் கேட்கிறவர்கள் எப்படி அழுத்துவார்களோ அப்படி.

அவள் எழுந்து வந்து கதவைத் திறந்தாள். உதட்டைப் பார்த்தேன்.

"அம்மா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க."

பொத்தானை அவளிடம் கொடுத்துவிட்டேன். கேட்டால் கையைத் தூக்குகிறேன் என்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள். தலையை ஆட்டினாள், ஆரம்பித்துவிட்டேன் என்று.

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம்.

அக்கா